ரோட்டின் மேல் போட்ட பழி

ஆனி 14, சனி

விடிந்ததிலிருந்து சாரல். மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. துணி இன்றைக்குக் காயாது.

வேலை: உளுந்து ஊறப் போட. பிரஷர் மாத்திரை தீர்ந்தது, வாங்க. முருங்கைக்கீரை உருவ, உலகுக்குக் கூட்டாஞ்சோறு. வாசல் கேட்டின் தாழ்க் கொண்டிக்கு எண்ணெய்.

உலகு நேற்று சாயங்காலம் வந்தாள். என் பேத்தி, உலகம்மாள். தென்காசிக் கோயில் அம்மன் பேர். பிறந்த நாளிலிருந்து நான் வளர்த்தது. வெளிநாட்டில் பேங்கு வேலை. ஆளுக்குக் கடன் கொடுக்கிற பேங்கு இல்லை, நாட்டுக்குக் கடன் கொடுக்கிற பேங்கு. எந்த நாட்டுக்கு எவ்வளவு, எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை கிளம்பணும். லீவு என்று பேர்தான். கம்ப்யூட்டர் மடியை விட்டு இறங்கவில்லை.

அடுத்த வீட்டுப் பிச்சம்மா மோர் கேட்கிற சாக்கில் பார்க்க வந்தாள்.

"ஏட்டி உலகு, எங்க மகளிர் குழுவுக்கும் உங்க பேங்குல தருவாகளா?"

"நாடு கேட்டாத்தான் தருவாங்க பெரியம்மை."

"அப்ப எங்க குழுவ ஒரு நாடுன்னு எழுதிக்கோ. தலைவி நான்தான். கொடி மட்டும் உங்க ஆச்சி தைச்சுருவா."

சிரித்தோம். வாசல் வரைக்கும் போய், தெருவில் போன தபால்காரரிடமும் அவள் அதையே சொன்னாள். எனக்குப் பெருமைதான், இல்லை என்று எழுத மாட்டேன்.

பதினொன்றரை இருக்கும். கேட்டுக் கொண்டி தானாக ஆடியது. அப்புறம் அந்தக் குரல். இரண்டே சொல். காற்று என்று எழுதி வைக்கிறேன்.

வழக்கமாக வெள்ளிக்கிழமைதான். இன்று சனி. நாள் தப்பி வந்திருக்கிறது.

ஆனி 15, ஞாயிறு

சாரல் விட்டு விட்டு. கறி எடுக்கவில்லை, உலகு வேண்டாம் என்றாள். இளைத்துப் போயிருக்கிறாள்.

கம்ப்யூட்டரில் என்னதான் பார்க்கிறாய் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கட்டம் கட்டமாக ஒரு படம். இடது ஓரம் நாடுகளின் பேர். மேலே ரோடு, கரண்டு, தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. எங்கே கடன் அதிகமோ அங்கே நிறம் கறுப்பு. ரோட்டுக்குக் கீழே மேலிருந்து அடி வரை கறுப்பு. கரண்டும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குக் கீழே வெளுத்துக் கிடந்தது, சாயம் போன சேலை மாதிரி.

"இது ஏன்ட்டி இப்படி வெளிறிக் கெடக்கு?"

"கேட்டாத்தான ஆச்சி குடுக்க முடியும். எல்லா அரசாங்கமும் ரோடுதான் கேக்குது. ரோடு போட்டா மந்திரி வந்து ரிப்பன் வெட்டலாம். ஒரு ஊருக்கு நர்சு வந்தா எதை வெட்ட?"

சரிதான்.

இன்னும் சொன்னாள். பெரிய கடனுக்கும் சின்னக் கடனுக்கும் பேப்பர் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதானாம். அதனால் பெரிதாக ஒன்றைக் கொடுத்து முடிக்கவே எல்லாருக்கும் ஆசை. ரோட்டை அளந்து காட்டலாம், போட்டோ எடுக்கலாம். சாகாமல் பிழைத்தவளை எப்படிப் போட்டோ எடுக்க? அவள் பாட்டுக்கு வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருப்பாள்.

நாடுகளிலும் அப்படித்தானாம். திருப்பிக் கட்டத் தெம்புள்ள நாட்டுக்குப் பெரிய கடன். ஏழை நாட்டுக்கு வட்டி குறைவு, ஆனால் கைக்கு வருவதும் குறைவு. ஒரே நாட்டுக்குள் துறைமுகம், பெரிய பட்டணம் இருக்கிற பக்கம் முதலில். மலைப்பக்கம் கடைசி.

"நம்ம பக்கம் மாதிரி," என்றேன்.

"நமக்கு இப்ப நாலு வழி ரோடே வந்துட்டுல்லா."

வந்தது. ஆலங்குளம் வழியில் இருந்த மரமெல்லாம் போய், கார் பறக்கிறது. அந்த ரோட்டில் போகும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறேன் என்று நினைக்கிறாள்.

ஆனி 16, திங்கள்

மழை இல்லை. காற்று. வாழைக்கு முட்டுக் கொடுக்க ஆள் வரவில்லை.

பேங்கில் உலகுக்கு இப்போது இருக்கிற வேலை இது. ஒரு மலை நாடு. பேர் சொன்னாள், வெளியே சொல்லக் கூடாதாம், அதனால் நானும் எழுதவில்லை. அங்கே பிரசவத்தில் பெண்கள் சாகிறார்கள். அந்த நாட்டுக் கடனில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, மலையிலிருந்து பட்டணத்துக்குப் பெரிய ரோடு. இரண்டு, ஊர் ஊருக்கு நர்சு, அத்தோடு ஆஸ்பத்திரிப் பக்கத்தில் சின்னச் சின்ன வீடு. மாசமானவள் கடைசிப் பத்து நாள் அங்கே வந்து தங்கிக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான் இந்தத் தடவை. எது என்று உலகு வருகிற திங்கள்கிழமை சபையில் சொல்லணும். மேலே இருக்கிறவர்கள் அவள் சொல்வதைக் கேட்பார்களாம்.

"நீ எந்தப் பக்கம்?"

"இதென்ன கேள்வி ஆச்சி. ரோடுதான்."

இங்கிலீஷில் எழுதியிருந்த முதல் பக்கத்தைத் தமிழில் சொன்னாள். நான் பிறந்த அன்றைக்கு என் அம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மோசமான ரோட்டில் செத்துப்போனாள். ரோடு நன்றாக இருந்திருந்தால் எனக்கு அம்மா இருந்திருப்பாள். இப்படி.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஓடிப்போய் இறக்கினேன். நல்லதாகப் போயிற்று, முகத்தை அவள் பார்க்கவில்லை.

"எல்லாரும் கணக்கு வச்சிருப்பாங்க ஆச்சி. ரெண்டு பக்கத்துக் கணக்கும் சமமா நிக்கும். அப்ப இதச் சொல்லுவேன். சபை கப்புன்னு அடங்கிரும். மூணு மட்டம் சொல்லிருக்கேன். மூணு மட்டமும் ரோட்டுக்குத்தான் போச்சு."

மூன்று ரோடு. எந்தெந்த நாட்டிலோ.

செ. என் மகள், உலகுவின் அம்மா. பேரை முழுதாக எழுதுவதில்லை. கை வராது.

மத்தியானம் படுத்திருந்தேன், தூங்கவில்லை. பெரிய கறுப்பு ரோடு. அதில் செ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். காலில் செருப்பில்லை. மூன்று ரோட்டிலும் ஒரே நேரத்தில் அவள்தான் நடக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலாவது பரவாயில்லை.

ஆனி 17, செவ்வாய்

உலகு குளிக்கணும் என்றாள், குற்றாலம் போனோம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் வரிசை. எண்ணெய்ப் பிசுக்கு, சீயக்காய் வாடை, ஒரு மதுரைக்காரி என் காலை மிதித்தாள். உலகு சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவள் அம்மா முதுகு.

திரும்பி வருகிற வழியில் பழக்கடை. மங்குஸ்தான் என்ன விலை என்று உலகு கேட்டாள். கடைக்காரர் நிமிர்ந்தார். சுப்பையா. தலை பூரா வெள்ளை. முன்னே எங்கள் பக்கம் டாக்ஸி ஓட்டினவர்.

என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"யக்கா, இது செ. மகளா? மூக்கு அப்படியேல்லா இருக்கு."

"எங்க அம்மாவத் தெரியுமா தாத்தா?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் வருது பஸ் வருது என்று. பஸ் ஒன்றும் வரவில்லை. பழமும் வாங்கவில்லை, கொடுத்த நூறு ரூபாயும் அங்கேயே.

"யாரு ஆச்சி அவரு?"

"தெரியல. ஊருக்காரராயிருக்கும்."

பொய்க்கு மேல் பொய்.

ஆனி 18, புதன்

சாரல். இடுப்பு வலி. உலகு தென்காசிக்குப் போயிருக்கிறாள், சிநேகிதியைப் பார்க்க. வீட்டில் ஆள் இல்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். ஒரு தடவையாவது எங்கேயாவது இருக்கட்டும்.

செ.யின் பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே நர்சம்மா சைக்கிளில் வந்தாள். காலில் வீக்கம், பிரஷர் இருக்கிறது, இப்போதே கொண்டுபோய்ச் சேருங்கள் என்றாள். தலைப்பிள்ளை பிறந்த வீட்டில்தான் பிறக்கணும், எங்க வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் விரிக்கணுமா என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் கேட்டேன். அவள் காப்பி கூடக் குடிக்காமல் போனாள்.

பிள்ளை பிறந்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

காலை ஆறு மணி, வலி.
ஒன்பதரைக்கு, இரத்தம். அதிகம்.
அவுக, உலகு தாத்தா, ஓடிப்போய் சுப்பையாவைக் கூட்டி வந்தாக. கார் வாசலில் நின்றது பத்து இருபது.
துணி எடுத்து வைத்து, சாமி விளக்கு ஏற்றி, திருநீறு பூசி, கேட்டுக்கு வந்தால் பத்தரை ஆகிவிட்டது. ராகு காலம். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு.

நான்தான் நிறுத்தினேன். வேறு யாரும் இல்லை. தலைப்பிள்ளைக்குப் போகிறவளை ராகு காலத்தில் அனுப்ப மாட்டேன் என்றேன். கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். அவுக ஒரு தடவை, "யேய், அனுப்பிருவோம்" என்றாக. நான் முறைத்தேன். என் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அது எனக்குப் பெருமை.

செ. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் போட்ட நாற்காலியில். ஒன்றரை மணி நேரம்.

பன்னிரண்டு அடித்ததும் கிளம்பினோம். பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் தென்காசி ஆஸ்பத்திரி. ஒரு மணிக்கு உலகு பிறந்தாள். அழுதாள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா இங்கனயே காப்பாத்திருப்பேனேம்மா" என்றாள். அதைக் கேட்டது நான் மட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆலங்குளம் தாண்டி மூச்சு நின்றது.

துக்க வீட்டில் யாரோ, எப்படிட்டி போச்சு என்று கேட்டார்கள். ரோடு என்றேன். ரோடு சரியில்லை, குண்டும் குழியும், கார் போகவில்லை. வாயில் வந்துவிட்டது. அந்த நிமிஷமே பொம்பளைகள் ரோட்டை வைத்து ஒப்பாரி எடுத்தார்கள். பாவி ரோடே, பழிகார ரோடே என்று. அதற்கப்புறம் எப்படி மாற்ற. அவுக என்னைப் பார்த்தாக. ஒன்றும் சொல்லவில்லை. சாகிற வரைக்கும் சொல்லவில்லை. ஆனால் அதன் பின் இந்த வீட்டுக்கு ராகு காலம் போட்ட காலண்டர் வாங்கவே இல்லை. யாராவது ஓசியில் கொடுத்தாலும் வாசலிலேயே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாக.

எழுதியாயிற்று. லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

இப்போதும் கொண்டி ஆடுகிறது. நேற்றுத்தான் எண்ணெய் விட்டேன்.

ஆனி 19, வியாழன்

கோயிலுக்கு என்று உலகுவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். சுப்பையாவிடம் வாயை மூடிக்கொள்ளச் சொல்ல. அதற்குத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது.

கூட்டம் இல்லை. அவர் ரம்புட்டான் குவியலைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வாங்கக்கா. வருவீயன்னு தெரியும். நூறு ரூவா எடுத்து வச்சிருக்கேன்."

"சுப்பையா, அந்தப் பிள்ளை தேடி வந்தாலும்..."

"நான் சொல்ல மாட்டேங்க்கா. இருபத்தொம்பது வருசம் சொல்லல. இனிமேலா சொல்லப் போறேன்." ஒரு பழத்தை எடுத்துத் துடைத்தார். "ஆனா ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு இருபத்தஞ்சு நிமிசத்துல கொண்டு சேத்தேனா இல்லையா?"

"சேத்தே."

"ஊரு என்ன சொல்லிச்சு? சுப்பையா கார்ல ஏத்துன பிள்ள ரோட்டுலயே போயிட்டுன்னு. அதுக்கப்புறம் பிரசவத்துக்கு ஒரு வீட்டுக்காரன் என்னைக் கூப்பிட்டானா? முகூர்த்தத்துக்குக் கூட எடுக்கல. வண்டிய வித்தேன். நீங்க ரோட்டச் சொன்னீய. ரோட்டுல ஓட்டுனவன் நான்லா."

இது எனக்குத் தோன்றினதே இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் கூட. சத்தியமாக.

நாட்டுக்குக் கடன் கொடுக்கிற பேங்கில் என் பேத்தி இருக்கிறாள், இந்தக் கதையைச் சொல்லி மூன்று ரோடு வந்துவிட்டது, இப்போது நாலாவது என்றேன். ஏன் சொன்னேன் தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"ரோடு நல்லதுதாங்க்கா. ஓட்டுனவனுக்குத் தெரியும். ஆனா வண்டி கேட்டுக்கு வெளிய நிக்கும்போது ரோடு என்ன செய்யும்?"

நூறு ரூபாயையும் தந்து ஒரு கிலோ மங்குஸ்தானும் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "பிள்ளைக்குக் குடுங்க."

பஸ்ஸில் பை மடியில் கனத்தது. இலஞ்சியில் ஏறினவள் கேட்டாள், "ஆச்சி, கண்ணுல தூசியா?" ஆமா என்றேன்.

உலகு ஆறு பழம் சாப்பிட்டாள். விரல் எல்லாம் கறை. யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. அவள் மேசையில் அந்த முதல் பக்கம், அச்சடித்து.

அந்த மலை நாட்டிலும் ஒரு கேட் இருக்கும். உள்ளே என்னை மாதிரி ஒருத்தி இருப்பாள்.

ஆனி 20, வெள்ளி

வெயில். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் மலை தெரிந்தது.

உலகு போய்விட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கார் பத்தேகாலுக்கு வந்தது. திருவனந்தபுரம் போகணும், சாயங்காலம் விமானம். பெட்டி எல்லாம் வாசலுக்கு வருவதற்குள் பத்தரை. உலகு மணியைப் பார்த்துவிட்டுத் தானாகவே நாற்காலியை எடுத்துக் கேட்டுப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"பன்னெண்டுக்குக் கிளம்புதேன் ஆச்சி. உங்களுக்காகத்தான். டிரைவர் தம்பி, கொஞ்சம் உக்காருங்க. எங்க வீட்ல ராகு காலம் தாண்டித்தான் வண்டி நகரும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அதே இடம். கை கேட்டுக் கம்பியில். அவளுக்கு அந்த இடம் எதுவென்று தெரியாது.

தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"உலகு. உங்க அம்மைய ரோடு கொல்லல. நான்தான்."

அவள் என்ன ஆச்சி என்றாள், விளையாட்டு என்று நினைத்து. சொன்னேன். புதன்கிழமை எழுதினதை அப்படியே. நர்சம்மா, கார், கொண்டி, டாக்டரம்மா, துக்க வீடு. பழம் கொடுத்தது சுப்பையா என்பதையும், அவர் வண்டியை விற்றதையும். அழாமல் சொன்னேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற வந்துவிடுவாள், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

அவளும் அழவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்தாள். எடுத்துவிட்டு அந்தக் கையையே பார்த்தாள்.

"கார் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"பத்து இருவது."

"நீங்க கிளம்புனது?"

"பன்னெண்டு."

தன் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. பெட்டியைத் தூக்கினாள்.

"நான் இப்பவே போறேன் ஆச்சி."

"போ" என்றேன். கொண்டியை நான்தான் எடுத்துவிட்டேன்.

திருநீறு பூசிக்கொள்ளவில்லை. டிரைவர் தம்பிதான், "வாரேன் ஆச்சி" என்றான். கார் தெரு முனை திரும்புகிற வரை பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

அந்த நேரத்தில் இந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் கிளம்பினது இதுதான் முதல்.

பன்னிரண்டு வரைக்கும் கேட்டிலேயே நின்றேன். வெள்ளிக்கிழமை. வரவேண்டிய நேரம். கொண்டி அசையவில்லை. குரல் இல்லை. செ. அவளோடு காரில் ஏறிப் போய்விட்டாளா.

சாப்பிடவில்லை. பிச்சம்மா வந்து, "பேத்தி போனதுல வீடே வெறிச்சுன்னு இருக்குல்லா" என்றாள். மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஆனி 21, சனி

மறுபடி சாரல். மாத்திரை போட்டேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. போன் பக்கத்திலேயே.

பத்தே முக்காலுக்கு அடித்தது.

"வந்து சேந்துட்டேன் ஆச்சி."

சரி என்றேன். அந்தப் பக்கம் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம்.

அப்புறம் ஆபீஸ்காரி மாதிரி கேட்டாள். நர்சம்மா பத்து நாள் முன்னால் வந்தபோது சரியாக என்ன சொன்னாள், நான் என்ன பதில் சொன்னேன், ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்க ஒரு வீடு இருந்திருந்தால் அனுப்பியிருப்பேனா. அனுப்பியிருக்க மாட்டேன் என்றேன். யார் வந்து சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பீர்கள் என்றாள். யோசித்தேன். அந்த நர்சம்மா இன்னொரு தடவை வந்திருந்தால். தினமும் வந்திருந்தால். கேட்டுக்கு வெளியே நின்று என்னைத் திட்டியிருந்தால். அவளுக்கு இருபது ஊர், ஒரு சைக்கிள். எப்படி வருவாள்.

கேட்கக் கேட்க அங்கே தட்டுகிற சத்தம். கடகடவென்று. எழுதுகிறாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"இன்னும் ஒண்ணு ஆச்சி. அந்த ஒண்ணரை மணி நேரத்துல அம்மா என்ன சொன்னா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவுக கூடக் கேட்டதில்லை.

"செண்பகம் ஒண்ணும் பெருசாப் பேசல. கம்பியப் பிடிச்சிக்கிட்டு நாலு மட்டம் கேட்டா. 'போலாமாம்மா'ன்னு."

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"எழுதிக்கோட்டி" என்றேன். "அதையும் எழுதிக்கோ."